கணக்குப் பெட்டியும் இயல்பு நட்டமும்

பி.காம். படிக்கிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். மற்றவர்களுக்காக முதலில் ஒரு சின்னப் பாடம்.

புளியங்குடியிலிருந்து ஒரு வியாபாரி ஆயிரம் கிலோ எலுமிச்சையைக் கேரளாவுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேரும்போது எடை போட்டால் 980 கிலோதான் இருக்கிறது. வெயிலில் வாடிவிட்டது, நாலு பழம் நசுங்கிவிட்டது. இதற்காக லாரி டிரைவரின் சட்டையை யாரும் பிடிக்க மாட்டார்கள். கணக்கில் இதற்குப் பெயர் இயல்பு நட்டம். ஆயிரம் கிலோவுக்கான செலவை 980 கிலோ மேல் ஏற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான். அதே லாரியில் பத்து மூட்டை திருடு போனால் அது அசாதாரண நட்டம். அதைத் தனியாகக் காட்ட வேண்டும், யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும். கன்சைன்மென்ட் அக்கவுண்ட்ஸ் படித்த எவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இந்த வித்தியாசம் தெரியாத ஓர் இடம் இருக்கிறது. நம்முடைய நடுநிலைப் பள்ளிகளின் பீரோ.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் நான் ஆறிலிருந்து எட்டு வரை படித்த பள்ளியில் (பெயர் வேண்டாம், இந்த விஷயத்தில் எல்லாப் பள்ளியும் ஒன்றுதான்) ஒரு பச்சைப் பெட்டி இருந்தது. மேலே "கணித உபகரணம்" என்று எழுதியிருக்கும். அதிகாரி பார்வைக்கு வரும் நாளில் பீரோவிலிருந்து இறங்கி மேஜைக்கு வரும். அவர் ஜீப் கிளம்பியதும் திரும்ப ஏறிவிடும். உள்ளே பிளாஸ்டிக்கில் பின்னப் பட்டைகளும், ஆணி அடித்த பலகையும், கலர் கலர் சில்லுகளும் இருந்ததாக ஞாபகம். தொட்டுப் பார்த்ததில்லை. எங்கள் கணக்கு வாத்தியார் நல்ல மனுஷர், சோம்பேறியும் இல்லை. அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "ஒண்ணு தொலைஞ்சாலும் நான்ல பதில் சொல்லணும்."

அவர் பயந்தது நியாயம்தான். அந்தப் பெட்டி இருப்புப் பதிவேட்டில் ஏறிய சாமான். பெட்டிக்குள் இத்தனை சில்லு என்று எண்ணிக்கை எழுதியிருக்கும். தலைமையாசிரியர் மாறும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டும், தணிக்கையில் காட்ட வேண்டும். ஆறாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் கையில் நானூறு சில்லுகளைக் கொடுத்தால் மாலையில் நானூறும் திரும்பி வருமா? வராது. ஒன்று ஜன்னல் வழியாகப் போகும், ஒன்று பையன் டவுசர் பாக்கெட்டில் போகும். அது இயல்பு நட்டம். ஆனால் பதிவேட்டில் அப்படி ஒரு பத்தி கிடையாது. இருக்கிறது, இல்லை என்ற இரண்டே பத்திதான். அதனால் ஆசிரியருக்குப் பாதுகாப்பான வழி ஒன்றே ஒன்று. பூட்டி வைப்பது.

நம் பள்ளிகளில் செய்துபார்த்துக் கணக்குப் படிக்க முடியாமல் போவதற்குப் பணமில்லை என்பதைவிட, கொடுத்த சாமான் தேயக்கூடாது என்று நாம் எதிர்பார்ப்பதுதான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

பணம் தாராளமாக வந்தது என்றும் சொல்லவில்லை. 1986 கல்விக் கொள்கைக்குப் பின் 1987-இல் வந்த கரும்பலகைத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்குக் கணிதப் பெட்டி, அறிவியல் பெட்டி எல்லாம் கொடுத்தது. பல ஊர்களில் அது பீரோவைவிட்டு இறங்கவே இல்லை என்பது பழைய ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தது. கற்பித்தல் சாமான் செய்துகொள்ள ஆசிரியர் ஒருவருக்கு வருஷத்துக்கு 500 ரூபாய். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறிலிருந்து எட்டு வரை வருஷத்துக்கு 220 வேலை நாட்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு இரண்டேகால் ரூபாய் சொச்சம். டீக்கடையில் ஒரு வடைகூட வராது. ஆனாலும் அந்த 500 ரூபாயில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. ஆசிரியர் கைக்கு வந்த காசு, சார்ட்டும் கோந்தும் வாங்கினால் தீர்ந்துவிடும், யாரும் "அந்தக் கோந்து எங்கே?" என்று கேட்க மாட்டார்கள். 2018-இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வந்தபின் பள்ளிக்கு மொத்தமாக ஒரு மானியம் என்று ஆகிவிட்டது. நூறு பிள்ளைகளுக்குள் இருக்கிற பள்ளிக்கு 25,000 ரூபாய், முப்பதுக்குள் என்றால் 10,000. கரண்ட் பில், சாக்பீஸ், குழாய் ரிப்பேர் எல்லாம் அதற்குள்தான், அதிலும் பத்து சதவீதமாவது சுகாதாரத்துக்கு. (அந்தப் பணமும் ஒழுங்காக வருமா என்பது வேறு கதை. பி.எம். ஸ்ரீ தகராறில் 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பங்கையே மத்திய அரசு நிறுத்தி வைத்தது.) கணக்குச் சாமானுக்கு என்று அதில் தனிப் பத்தி இல்லை.

சட்டமாவது ஏதாவது சொல்கிறதா என்று பார்த்தால், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை கற்பித்தல் உபகரணம் பற்றி ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ப வழங்க வேண்டுமாம். தேவை எவ்வளவு என்று யார் சொல்வது? அங்கேயே நின்றுவிட்டது.

சரி, சின்ன வகுப்புகளில் என்ன நடந்தது? அங்கே நாம் நன்றாகவே செய்தோம். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்துச் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். அட்டைகள், தரையோடு ஒட்டிய கரும்பலகை, பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து தானே எடுத்துத் தானே வைத்துப் படிப்பது. 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தது. அந்த அட்டைகள் கிழிந்தன, அழுக்காயின, திரும்ப அச்சடித்தார்கள். பிறகு 2022-இல் ஒன்றிலிருந்து மூன்று வரை எண்ணும் எழுத்தும் வந்தது, அடுத்த வருஷம் ஐந்து வரை நீண்டது. ஆக ஐந்தாம் வகுப்புவரை பிள்ளை கையில் ஏதோ ஒன்று இருக்கிறது.

ஆறில் எல்லாம் போய்விடுகிறது. நடுநிலை வகுப்புகளுக்கு 2007 வாக்கில் படைப்பாற்றல் கல்வி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மன வரைபடம் போடுவது, குழுவாகப் பேசுவது. சமூக அறிவியலுக்கு அது சரி. மைனஸ் மூன்றிலிருந்து மைனஸ் ஐந்தைக் கழிப்பதற்கு மன வரைபடம் போட்டு என்ன செய்ய? குறை எண், பின்னப் பெருக்கல், இயற்கணிதம் என்று கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் எல்லாம் வரிசையாக நுழைகிற அதே வருஷத்தில்தான் கையில் இருந்த சாமானைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

விளைவு? 2024 டிசம்பரில் நாடு முழுவதும் நடந்த பரக் ஆய்வில் கணக்கின் சராசரி மூன்றாம் வகுப்பில் 60 சதவீதம், ஆறாம் வகுப்பில் 46, ஒன்பதாம் வகுப்பில் 37. மூன்றும் வேறு வேறு பிள்ளைகள், பாடமும் கடினமாகிக்கொண்டே போகிறது, எல்லாப் பழியையும் சாமான்மேல் போட முடியாது. தெரியும். ஆனாலும் இந்தச் சரிவின் நடுவில்தான் நடுநிலைப் பள்ளி உட்கார்ந்திருக்கிறது. நம் வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள். "மேத்ஸ் வேண்டாம்னுதான் காமர்ஸ் எடுத்தேன்" என்கிறவர்கள் எத்தனை பேர்! பத்தாம் வகுப்பில் வந்த பயம் இல்லை அது. விசாரித்தால் ஆறு, ஏழாம் வகுப்பில் போய் முடியும். (பிசினஸ் மேத்ஸும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் இங்கேயும் காத்திருந்தது என்பது விதி :-) )

இதற்கு அரசு கொடுக்கும் ஜாமெட்ரி பாக்ஸ் போதாதா என்று கேட்கலாம். ஜெயலலிதா முதல்வராக இருந்த 2011-16 ஆட்சியில் தொடங்கிய இலவசத் திட்டம் அது, நல்ல திட்டம். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் வரைகிற சாமான். கவராயம், கோணமானி, மூலைமட்டம், கவை. (கவை எதற்கு என்று நூறு பேரைக் கேளுங்கள், பெஞ்சில் பெயர் செதுக்க என்று தொண்ணூறு பேர் சொல்வார்கள்.) குறை எண்ணுக்கோ பின்னத்துக்கோ அதில் எதுவும் இல்லை. எனக்கு அந்த டப்பாவில் பிடித்த விஷயம் வேறு. அதைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்பதில்லை. அதனால்தான் அது உபயோகமாகிறது. அதே அரசு, அதே வகுப்பறை. கொடுத்துவிட்ட சாமான் வேலை செய்கிறது, இருப்பில் வைத்த சாமான் பீரோவில் தூங்குகிறது.

இப்போது என்னென்ன சாமான் வேண்டும் என்று பார்ப்போம். இங்கேதான் எனக்கு ஆச்சரியம். பெரும்பாலானவை நம் ஊரைச் சுற்றியே கிடக்கின்றன.

முதலில் புளியங்கொட்டை. தாயம் ஆட நம் வீடுகளில் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் உரசி வெள்ளையாக்குவார்கள் இல்லையா, அதுதான். வெளிநாட்டில் இரண்டு வண்ணச் சில்லு என்று காசு கொடுத்து வாங்குகிற சாமான் நம் பாட்டிமார் கையில் எப்போதோ தயார். வெள்ளை ப்ளஸ் ஒன்று, கறுப்பு மைனஸ் ஒன்று. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் சைபர், இரண்டையும் ஒதுக்கிவிடலாம். பத்துக் கொட்டையை உருட்டினால் ஆறு வெள்ளை நாலு கறுப்பு விழுகிறது, விடை ப்ளஸ் இரண்டு. இதுவரை எளிது. இப்போது மூன்றிலிருந்து மைனஸ் இரண்டைக் கழிக்க வேண்டும். மூன்று வெள்ளையை வைக்கிறோம். இரண்டு கறுப்பை எடுக்கச் சொல்கிறார்கள், ஆனால் கறுப்பே இல்லை. என்ன செய்வது? வெள்ளை-கறுப்பு ஜோடி இரண்டைக் கொண்டுவந்து சேர்க்கிறோம். அதன் மதிப்பு சைபர்தான், எதுவும் மாறவில்லை. இப்போது இரண்டு கறுப்பையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஐந்து வெள்ளை. "மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்த விஷயம் இதுதான். ஐந்து நிமிஷம் கொட்டையைத் தள்ளிப் பார்த்த பிள்ளைக்கு அது ஏன் ப்ளஸ் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பின்னத்துக்குப் பழைய அளவைகள். இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கும். படி, அதில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு. ஒன்று, அரை, கால், அரைக்கால். மணலையோ அரிசியையோ அள்ளி ஊற்றிப் பார்த்தால் காலும் அரைக்காலும் சேர்ந்து எட்டில் மூன்று என்பது கண்ணெதிரே நிற்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நெல்லிலக்கம் என்று நெல் அளவைகளையே தனிப் பாடமாக மனப்பாடம் செய்தார்கள். அந்தத் திண்ணைப் பள்ளிகளில் யாருக்கு இடமிருந்தது, யாருக்கு இல்லை என்பதும், வாத்தியாரின் பிரம்பும் நமக்குத் தெரியும், அதையெல்லாம் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. உழக்கை மட்டும் பரணிலிருந்து இறக்கினால் போதும்.

அடுத்து காலண்டர். சிவகாசி பக்கத்தில் இருந்துகொண்டு நமக்குக் காலண்டருக்குப் பஞ்சமா? சென்னை முத்தியால்பேட்டை பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் (1924-2005) காலண்டரை வைத்து எண் விளையாட்டு என்று ஒரு புத்தகமே எழுதினார். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் 1993-இல் உருவாகக் காரணமானவரும் அவர்தான். ஏதாவது ஒரு மாதத் தாளை எடுங்கள். அதில் 8, 9 என்றும் அதற்கு நேர் கீழே 15, 16 என்றும் நான்கு கட்டத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். குறுக்கே பெருக்கினால் 8-ஐ 16-ஆல் பெருக்க 128, 9-ஐ 15-ஆல் பெருக்க 135. வித்தியாசம் 7. வேறு நான்கு கட்டம் எடுங்கள், அங்கேயும் 7. வேறு மாதம், வேறு வருஷம், எதுவானாலும் 7. ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் போதும், இயற்கணிதம் தானாகவே வந்துவிடும். முதல் தேதியை எக்ஸ் என்று வைத்தால் மற்றவை எக்ஸ் கூட்டல் 1, கூட்டல் 7, கூட்டல் 8. பெருக்கிப் பார்த்தால் இரண்டிலும் மற்றதெல்லாம் ஒன்றுபோல் இருக்கும், 7 மட்டும் மிஞ்சும். எக்ஸ் எதற்கு என்று தெரியாமலே எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை ஆயிரம் பேரோ. ஜனவரி பிறந்தால் பழைய காலண்டர் குப்பைக்குப் போகிறது.

தாள் மடிப்பதும் இப்படித்தான். கிண்டர்கார்டன் சாமான்களில் ஒன்றாக இருந்த வண்ணத்தாள் கட்டைப் பார்த்துத்தான் சுந்தர ராவ் என்பவருக்கு அந்த யோசனை வந்ததாம். தாளை மடித்தே வடிவியல் முழுவதையும் செய்துகாட்டி ஆங்கிலத்தில் எழுதினார், 1893-இல் மெட்ராஸில் அடிசன் கம்பெனி அச்சிட்டது. பிறகு 1901-இல் சிகாகோவிலும் பதிப்பானது. மெட்ராஸில் பிறந்த புத்தகம் உலகம் சுற்றிவிட்டது, நம் ஏழாம் வகுப்புக்குள் மட்டும் வரவில்லை. சிவகாசி அச்சகங்களில் ஓரம் வெட்டித் தள்ளுகிற தாளே இதற்குப் போதும்.

தீக்குச்சி பற்றிச் சொல்லவே வேண்டாம். கழுகுமலை, கோவில்பட்டி, சாத்தூர் என்று நம்மைச் சுற்றி எல்லாம் தீப்பெட்டி ஊர். 2006-இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் இயற்கணிதப் பாடமே தீக்குச்சி வரிசையில்தான் தொடங்கியது. ஒரு சதுரத்துக்கு நாலு குச்சி, ஒட்டிய இரண்டு சதுரத்துக்கு ஏழு, மூன்றுக்குப் பத்து, நூறுக்கு எத்தனை? புத்தகத்தில் படம் இருந்தது, குச்சி இல்லை. மருந்து தோய்க்காத வெறுங்குச்சியாக வாங்கினால் பாதுகாப்புப் பயமும் இல்லை. 2021 டிசம்பரில் விலை ஏறியபிறகும் ஒரு தீப்பெட்டி இரண்டு ரூபாய்தான். நாற்பது பிள்ளைக்கு எண்பது ரூபாய்.

நம் ஊர் விசைத்தறிகளில் நூல் தீர்ந்தபின் கிடக்கும் அட்டைக் கோனையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் கத்தரித்து விரித்தால் வட்டத்தின் ஒரு துண்டு எப்படிக் கூம்பாகிறது என்று தெரியும். (நுனி இல்லாததால் அது முழுக் கூம்பு இல்லை, இடைக்கண்டம். வாத்தியார்கள் சண்டைக்கு வரவேண்டாம்.)

சாமானைக் கொடுத்தால் மட்டும் கணக்கு வந்துவிடுமா? வராது. அமெரிக்காவில் டெபோரா பால் என்ற கல்வியாளர் 1992-லேயே இதைப் பற்றி எச்சரித்து எழுதினார். பெரியவர்களுக்கு ஏற்கெனவே கணக்கு தெரியும், அதனால் கட்டையிலும் சில்லிலும் அது தெரிகிறது. பிள்ளைக்கு அது வெறும் கட்டையாகவே இருக்கலாம். கொட்டையைத் தள்ளியபிறகு அதை நோட்டில் எழுத வைத்து, "ஏன்?" என்று கேட்கிற ஆசிரியர் வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூட்டிய பெட்டியை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாதே.

ஸ்மார்ட் போர்டில் இதையெல்லாம் காட்டலாமே என்று ஒரு நண்பன் சொன்னான். காட்டலாம். காட்டுவார்கள், பார்ப்பார்கள். கொட்டையைத் தள்ளுவது கம்ப்யூட்டராக இருக்கும்.

இனி பீரோவுக்குத் திரும்புவோம். தேய்மானத்தை ஒத்துக்கொள்வது அரசாங்கத்துக்குத் தெரியாத வித்தை இல்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ஐ எடுத்துப் பாருங்கள். தீர்ந்துபோகும் பொருளுக்கும் நிலைச் சொத்துக்கும் தனித்தனிப் பதிவேடு வைக்கச் சொல்கிறது. அதைவிட அழகான விதி நூலகத்துக்கு. வருஷத்தில் படிக்கக் கொடுத்த ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து புத்தகம் தொலைந்தால், நேர்மைக் குறைவோ அலட்சியமோ இல்லாதவரை, அது நியாயமான இழப்பு. நம்ப முடிகிறதா? டெல்லியில் உட்கார்ந்து யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்: புத்தகம் என்றால் படிக்கப்பட வேண்டும், படிக்கப்பட்டால் சிலது தொலையும். அச்சு அசல் இயல்பு நட்டம். அந்த விதி மத்திய அரசு அலுவலகங்களுக்கானது, நம் ஒன்றியப் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதே மாதிரி ஒரு வரியை நம் பள்ளிக் கல்வித் துறை ஓர் அரசாணையில் போட எவ்வளவு நேரமாகும்?

நான் கேட்பது மூன்று வகைப் பிரிப்பு. புளியங்கொட்டை, குச்சி, தாள், காலண்டர் எல்லாம் சாக்பீஸ் மாதிரி. வாங்கிய அன்றே செலவு, வருஷ முடிவில் இருப்பு சைபர் என்று எழுதலாம், யாரும் கேட்கக் கூடாது. பிளாஸ்டிக் பெட்டிக்கு ஐந்து வருஷம் ஆயுள் என்று வைத்து நேர்கோட்டு முறையில் வருஷத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி. சில்லு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறாவது வருஷம் புதுப்பெட்டி வர வேண்டும். ப்ரொஜெக்டர், டேப்லெட் மாதிரியான விலையுயர்ந்த சாமான் மட்டும் பழையபடி பதிவேட்டில், பூட்டில். அது தொலைந்தால் தாராளமாகப் பதில் கேளுங்கள்.

"பிள்ளைகள் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரும்" என்பார்கள். போகட்டுமே! பத்துப் புளியங்கொட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பிள்ளை தங்கச்சியோடு ப்ளஸ் மைனஸ் ஆடினால் அதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? நட்டத்திலா?

அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2024-இல் அதை மறுகட்டமைப்பு செய்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். உங்களில் யாராவது, அல்லது உங்கள் அக்கா, மதினி யாராவது அதில் இருந்தால், அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்குச் சாமானுக்கு இந்தப் பருவத்துக்கு 500 ரூபாய், செலவினப் பொருளாக, திரும்ப எண்ணி ஒப்படைக்க வேண்டியதில்லை என்று. கடைசி அந்த அரை வரியை மட்டும் மறந்துவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.